ஏரி தெரிகிறது சரி, லிஃப்ட் எத்தனை? ரொறன்ரோ ஏரிக்கரைக் கொண்டோக்கள் ஓர் ஒப்பீடு

ரொறன்ரோ ஏரிக்கரையில் கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, பார்க்கப் போனால் முகவர் முதலில் கூட்டிப் போவது பல்கனிக்கு. எதிரே தீவுகள், நடுவே பாய்மரம், கீழே குவீன்ஸ் கீ தெரு. குசினிக்குள் போகுமுன்னரே வாங்குபவர் பாதி சம்மதித்துவிடுவார். பாதர்ஸ்ட் தெருவிலிருந்து பார்லமென்ட் தெரு வரை ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் கரை. அதற்குள் 1970களின் கொங்கிரீட்டும் இருக்கிறது, போன வருடம் பூட்டிய கண்ணாடியும் இருக்கிறது. ஏரி எல்லாருக்கும் ஒரே ஏரிதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடக்கிற சீவியம்தான் கட்டடத்துக்குக் கட்டடம் மாறுகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் காட்சிக்குப் புள்ளி இல்லை.

முதலில் நிலம். ரொறன்ரோவின் பழைய கரை ஃப்ரண்ட் தெரு. அதற்குத் தெற்கே உள்ளதெல்லாம் ஏரியை நிரப்பி எடுத்த மண். இங்கே நிலக்கீழ் பார்க்கிங் கட்டுவது தண்ணீருக்குள் தொட்டி இறக்குவது போன்றது. வீடு பார்க்கப் போகிற அன்று லிஃப்டில் மேலே போவதற்கு முன் ஆகக் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். சுவரில் வெள்ளை உப்புப் படிவு, வெடிப்பை அடைக்கப் பசையை வரிசையாக ஊசி போட்டு ஏற்றிய தழும்பு, நிலத்தில் துருக்கறை தெரிகிறதா என்று பாருங்கள். ஊசித் தழும்பு கெட்ட சகுனம் என்றில்லை. கசிவை யாரோ கவனித்து அடைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. ஈரம் இருந்தும் தழும்பு இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். லொக்கர் ஆகக் கீழ்த்தளத்தில் என்றால் அட்டைப் பெட்டியை நிலத்தில் வைக்காமல் தட்டில் வையுங்கள்.

இந்தக் கரையின் மூத்தது ஹார்பர் ஸ்குவயர். பே தெருவின் அடியில், தீவுப் படகுத்துறைக்குப் பக்கத்தில், 1970களில் எழுந்தது. வெளியே பார்த்தால் சாம்பல் கொங்கிரீட் மலை. வடிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். உள்ளே போனால் கதை வேறு. அறைகள் அறைகளாகவே இருக்கும், சாப்பாட்டு மேசைக்கு இடம் இருக்கும், கட்டிலைச் சுற்றி நடக்கலாம். தடித்த கொங்கிரீட் என்பதால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்பது குறைவு. குடியிருப்பவர்களுக்கென்று தனி பஸ் ஓடுகிறது. மாதாந்த மெயின்டனன்ஸ் கட்டணத்தைக் கேட்டால் நெஞ்சு திக் என்னும். ஆனால் அதற்குள் மின்சாரம், வெப்பம், தண்ணீர், கேபிள் எல்லாம் அடக்கம். புதுக் கட்டடத்தில் இவற்றில் பல தனித்தனி பில்லாக வரும். கட்டணத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இங்கே பலர் விடும் முதல் பிழை. அந்தத் தனி பில்களையும் புதுக் கட்டடத்தின் கணக்கில் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

மூத்த கட்டடத்தின் குறையும் மூப்புதான். மாடிக்கு மாடி நெடுக ஓடும் சமையலறைக் குழாய், வெப்பக் குழாய், யன்னல், பார்க்கிங் நீர்த்தடுப்புப் படலம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் வயது. எவை மாற்றியாயிற்று, எவை பாக்கி என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி.

குவீன்ஸ் கீ டேர்மினல் தனி ரகம். 1927இல் சரக்குக் கிடங்காக எழுந்தது. 1983இல் கட்டடக் கலைஞர் எப் ஸைட்லரின் வடிவமைப்பில் கடை, அலுவலகம், உச்சியில் 72 வீடுகள் என்று மாறியது. விற்பனைக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் நம்மில் பலருக்கு எட்டாது. அதற்கு மேற்கே ஆர்தர் எரிக்சன் வடிவமைத்த கிங்ஸ் லாண்டிங். படிப்படியாகப் பின்வாங்கும் அதன் அமைப்பு தூரத்திலேயே அடையாளம் தெரியும். பெரிய வீடுகள், அமைதியான முகம். மேற்கே போகப் போக பில்லி பிஷப் விமான நிலையத்தின் சத்தம் கூடும். காலை 6:45 முதல் இரவு 11 வரைதான் விமானங்களுக்கு அனுமதி, மருத்துவ அவசரம் மட்டும் விலக்கு. ஆகவே நித்திரை குழம்பாது. ஆனால் கோடைக் காலையில் யன்னலைத் திறந்து வைத்துத் தொலைபேசியில் கதைக்கிறவர்களுக்கு அது எரிச்சல்.

இனி உயரங்கள். யோர்க் தெருவில் ஐஸ் கொண்டோ இரட்டைக் கோபுரம், 57 மாடியும் 67 மாடியும். இவை கார்டினர் மேம்பாலச் சாலைக்கு வடக்கே நிற்கின்றன. சாலைக்குத் தெற்கே, அதை ஒட்டி, முக்கோண வடிவில் 65 மாடி டென் யோர்க். நேர்மையாகச் சொன்னால் ஐஸ் ஏரிக்கரைக் கட்டடமே அல்ல, ஏரி தெரிகிற டவுன்ரவுன் கட்டடம். அதன் பலம் யூனியன் நிலையத்துக்குப் போகும் பாத் நிலக்கீழ் நடைபாதை. பெப்ரவரியில் கோட்டு இல்லாமல் வேலைக்குப் போய் வரலாம். நிதி வட்டாரத்தில் தனியாக வேலை செய்கிறவருக்கு அது ஏரியைவிடப் பெரிய சொத்து.

ஆனால் அந்தக் கோபுரங்களில் வீடுகள் சிறியவை. இரண்டாவது படுக்கையறைக்குப் பல இடங்களில் வெளி யன்னலே இல்லை, பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவு வழியாக வரவேற்பறை வெளிச்சம்தான். வரைபடத்தில் அதை 'படுக்கையறை' என்று போட்டிருப்பார்கள். கட்டில், அலுமாரி, கதவு மூன்றையும் அளவெடுத்துக் கடதாசியில் வரைந்து பாருங்கள். ஆள் நிற்க இடம் மிஞ்சாது. குறுகியகால வாடகையும் இப்படியான கட்டடங்களில்தான் தொல்லை. நகரசபை விதிப்படி ஒருவர் தன் நிரந்தர வீட்டை மட்டும்தான் அப்படி விடலாம், முழு வீடு என்றால் வருடத்துக்கு 180 இரவு வரைதான், பதிவும் வேண்டும். விதி இருப்பது வேறு, வரவேற்பு மேசையில் சூட்கேஸ் வரிசை நிற்பது வேறு. வெள்ளி மாலை ஆறு மணிக்கு லொபியில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள், தெரிந்துவிடும். ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் ஹொக்கி ஆட்டம் இருக்கிற இரவில் கார் எடுத்துக்கொண்டு யோர்க் தெருவுக்கு வருவதையும் ஒருமுறை அனுபவித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டென் யோர்க்கின் சிக்கல் கார்டினர். வடக்கு முகத்தில் கீழ் மாடிகளுக்குச் சாலை கிட்டத்தட்டக் கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே ஓடும். சத்தம் மேல் நோக்கித்தான் பரவும், இருபதாம் மாடியில் குறையும் என்று நினைப்பது தவறு. கண்ணாடி மூடியிருந்தால் சமாளிக்கலாம். பல்கனியில் கரித்தூள் படியும், வெள்ளைத் துணி காயப்போட முடியாது. தெற்கு முகம் நல்லது. பக்கத்தில் பழைய சாலை இறக்கம் 2017இல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் 2023இல் இதய வடிவக் குளத்தோடு லவ் பார்க் திறந்தார்கள். அந்தப் பக்கத்தின் முகமே மாறிவிட்டது.

இந்தக் கண்ணாடிக் கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விசயம் சுவர். பெரும்பாலானவற்றில் வெளிச்சுவர் 'விண்டோ வோல்'. அதாவது ஒரு தளத்துக்கும் மேல் தளத்துக்கும் நடுவே செருகிய கண்ணாடிச் சட்டம். 'கர்ட்டன் வோல்' என்றால் தளங்களுக்கு வெளியே தொடர்ச்சியாகத் தொங்கும், விலை கூட. வித்தியாசத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம். மாடிக்கு மாடி கொங்கிரீட் விளிம்போ அதை மூடிய தகடோ கோடாகத் தெரிந்தால் விண்டோ வோல். அந்தத் தள விளிம்பும் அதிலிருந்து நீட்டிய பல்கனியும் குளிர்காலத்தில் உள்வெப்பத்தை வெளியே கடத்தும். யன்னலடியில் நிலம் சில்லென்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது ஈரம். வெளியே மைனஸ் 15 என்றால் வீட்டுக்குள் ஈரப்பதன் 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். நம் வீடுகளில் சோறு வடிப்பதும் புட்டு அவிப்பதும் அதைச் சுலபமாக 50க்கு ஏற்றிவிடும். பிறகு கண்ணாடியின் அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்கும், ரப்பர் பட்டி கறுக்கும், தரைப்பலகை வீங்கும். கட்டடத்தைத் திட்டுவதற்கு முன் பதினைந்து டொலர் ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள். சமையல் முடிந்த பிறகும் அரை மணி நேரம் விசிறி ஓடட்டும். திரைச்சீலையை இரவில் தரை வரை இழுத்து மூடினால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து நிலைமை மோசமாகும், கீழே கையளவு இடைவெளி விடுங்கள்.

இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே உள்ள அடைப்பு பதினைந்து முதல் இருபத்தைந்து வருடத்தில் தோற்கும். அப்போது கண்ணாடிக்குள் துடைக்கவே முடியாத புகை படியும். வீடு பார்க்கும்போது யன்னல்களைப் பக்கவாட்டாகச் சாய்ந்து பாருங்கள். எத்தனை புகைந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு வீட்டில் மூன்று என்றால் அந்தக் கோபுரத்தில் எத்தனை நூறு என்று கணக்குப் போடுங்கள். மாற்றும் செலவு பொது நிதியிலிருந்துதான் போகும்.

2011 கோடையில் ரொறன்ரோவில் பல கோபுரங்களிலிருந்து பல்கனிக் கண்ணாடி நொறுங்கித் தெருவில் விழுந்தது. வலுவூட்டிய கண்ணாடிக்குள் சிக்கியிருக்கும் நிக்கல் சல்பைட் துணுக்கு மெல்ல மெல்லப் பருத்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முழுத் தகட்டையும் வெடிக்க வைக்கும். பல்கனித் தடுப்புக் கண்ணாடிக்கான புதிய ஒன்ராறியோ விதி 2012 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அனுமதியில் கட்டியது என்றால் கண்ணாடி மாற்றியாயிற்றா என்று கேளுங்கள்.

வெப்பமும் குளிரும் 'ஃபான் கொயில்' பெட்டி, அதாவது சுடுநீரோ குளிர்நீரோ ஓடும் குழாய்ச் சுருளின் மேல் காற்றை ஊதும் விசிறிப் பெட்டி வழியாக வரும். இரண்டு குழாய் முறை என்றால் கட்டடம் முழுவதும் ஒரு நேரத்தில் சூடு அல்லது குளிர், ஏதாவது ஒன்றுதான். நகரசபை விதிப்படி வாடகை வீட்டில் குளிர் மாதங்களில் 21 பாகை வெப்பம் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மே நடுவில் வெயில் 27ஐத் தொடும்போது தெற்கு முக வீட்டுக்காரர் வெந்துகொண்டிருப்பார், நிர்வாகம் இன்னும் குளிர் நீருக்கு மாற்றியிருக்காது. ஏரி மேல் பட்டுத் தெறிக்கும் வெயில் வேறு கீழிருந்தும் அடிக்கும். நான்கு குழாய் முறை என்றால் எந்த மாதமும் எதுவும் போடலாம். விற்பனைத் தாளில் இது வராது, கட்டட மேலாளரிடம் நேரே கேட்க வேண்டும். தெற்கு முகத்துக்கு இரண்டு குழாய் என்றால் விலையில் குறைத்துக் கேளுங்கள்.

கிழக்கே, யங் தெருவின் அடியில் பியர் 27. நடுத்தர உயரக் கட்டடங்களை இரண்டிரண்டாக மேலே மூன்று தளப் பாலத்தால் இணைத்திருக்கிறார்கள். இந்தக் கரையில் படம் பிடிக்க ஆகச் சிறந்த கட்டடம் இதுதான். பிறகு 35 மாடிக் கோபுரம் ஒன்றும் சேர்ந்தது. தண்ணீர் உண்மையிலேயே காலடியில். மேற்குப் பக்க வீடுகள் மிக நல்லவை. கிழக்குப் பக்கத்துக்கு அயலவர் ரெட்பாத் சீனி ஆலை.

ரெட்பாத் 1959 முதல் அங்கே இயங்குகிறது, இன்றும் கப்பலில் கச்சாச் சீனி வந்து இறங்குகிறது. அது ஆலை, அலங்காரம் அல்ல. இரவில் இறக்கும் கப்பலின் கிரேன் சத்தம் வரும், காற்று திரும்பினால் பாகு காய்ச்சும் மணம் வரும். சிலருக்கு அது பனங்கட்டி ஞாபகம், சிலருக்குத் தலையிடி. ஆலைக்கு எதிரே தெருவின் வடபக்கத்தில் 64, 70 மாடிகளோடு சுகர் வார்ஃப் நிற்கிறது. இந்தச் சுற்றில் வாங்குகிற எவரும் ஒப்பந்தத்தில் சத்தம், மணம் பற்றிய எச்சரிக்கைப் பிரிவு இருக்கிறதா என்று வழக்கறிஞரைத் தேடச் சொல்லுங்கள். அதில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு முறையிடப் போனால் எடுபடாது. இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். ஆலை இருக்கும்வரை அந்தத் தெற்குக் காட்சியை மறைத்து இன்னொரு கோபுரம் எழாது. இந்த ஊரில் காட்சிக்கு வேறு உத்தரவாதம் ஏது? நகரசபையின் உயர் கட்டட வழிகாட்டி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கேட்பது 25 மீற்றர்தான். அந்தத் தூரத்தில் எதிர்வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்கலாம்.

ஆலைக்குக் கிழக்கே சுகர் பீச் பூங்காவைத் தாண்டினால் பேசைட் என்ற குடியிருப்பு. அக்குவலினா, அக்குவவிஸ்டா இரண்டும் ஆர்கிடெக்டோனிகா வடிவமைத்தவை. அக்குவபெல்லா, அலைபோல் வளையும் அக்குவலூனா இரண்டும் டென்மார்க்கின் 3எக்ஸ்என். பக்கத்தில் ஷேர்போர்ன் கொமன் பூங்காவை ஒட்டி மோஷே சஃப்டியின் மோண்ட். மோண்டைத் தவிர்த்தால் இவை பதினைந்து மாடிக்கு முன்பின்னானவை. அதுதான் முக்கியம். உயரம் குறைந்தால் லிஃப்ட் காத்திருப்பு குறையும், தீ எச்சரிக்கை அடித்தால் கிழவர்களும் படியால் இறங்கலாம், குளிர்கால 'சிம்னி' விளைவும் அடங்கும்.

அந்த விளைவு என்னவென்றால், குளிர்காலத்தில் சூடான காற்று லிஃப்ட் குழிகள் வழியே மேலே ஏறும். கீழ்மாடி வீடுகளின் காற்று நடைபாதைக்கு இழுபட்டு, மேல்மாடியில் நடைபாதைக் காற்று வீட்டுக்குள் தள்ளப்படும். ஆறாம் மாடியில் பொரித்த நெத்தலி ஐம்பதாம் மாடிக்குச் செய்தி சொல்லும். எழுபது மாடியில் இது பெரும் பிரச்சினை, பதின்மூன்று மாடியில் சிறு தொல்லை. பல கட்டடங்களில் நடைபாதைக்குள் ஊதும் புதுக்காற்று வாசற்கதவின் கீழ் இடைவெளியால் உள்ளே வரும்படிதான் அமைப்பு. மணம் வருகிறது என்று அதை ரப்பரால் அடைத்தால் வீட்டுக்குப் புதுக்காற்றே இல்லாமல் போகும், குளியலறை விசிறியும் திணறும். கதவடியில் மெல்லிய கடதாசியைப் பிடித்துப் பாருங்கள், உள்நோக்கி ஆடினால் சரி. அடுப்பு மேல் விசிறி வெளியே விடுகிறதா, கரி வடிகட்டியால் சுற்றித் திரும்ப அதே அறைக்குள் விடுகிறதா என்பதையும் பாருங்கள். மிளகாய் வறுக்கிற வீட்டுக்கு இரண்டாவது வகை உதவாது.

லிஃப்டுக்கு ஒரு கைக்கணக்கு: நூறு வீட்டுக்கு ஒன்று என்றால் சுகம், அதற்கு மேல் போகப் போகக் காத்திருப்பு. வீடு மாறுபவருக்கு ஒன்றை ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் ஒன்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். புதுக் கோபுரத்தில் முதல் வருடம் தினமும் யாராவது குடிவருவார்கள். காலை எட்டரைக்கு முப்பதாம் மாடிக்கு மேலே நின்று பொத்தானை அழுத்திக் கடிகாரத்தைப் பாருங்கள். விற்பனை முகவர் அந்த நேரத்துக்கு ஒருபோதும் கூப்பிடமாட்டார்.

பல்கனி பற்றி ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் வசந்தம் தொடங்கியதும் கடிக்காத சிறு பூச்சிகள் மேகமாக வரும், பின்னாலேயே அவற்றைத் தின்னச் சிலந்திகள். வெளிச்சத்துக்கு அவை எந்த உயரத்துக்கும் ஏறும். வெளிக் கண்ணாடியை நிர்வாகம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் கழுவும். இருபத்தைந்தாம் மாடிக்கு மேல் காற்றில் பிளாஸ்டிக் கதிரை நிற்காது, கட்டி வைக்க வேண்டும். பெரிய பல்கனிக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட ஒரு நல்ல அலுமாரி வைக்கும் சுவருக்குக் கொடுப்பது புத்தி.

மறுவிற்பனை வீடு என்றால், கட்டடத்தின் நிதி நிலையையும் சட்ட நிலையையும் சொல்லும் ஸ்டேட்டஸ் சேர்டிபிகேட் எடுங்கள். ஆகக்கூடியது 100 டொலர், பத்து நாளில் தர வேண்டும். அதில் பெரிய திருத்தங்களுக்குச் சேர்க்கும் ரிசேர்வ் நிதி எவ்வளவு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்த நிதியின் ஆய்வு கடைசியாக எப்போது, வழக்கு ஏதும் உண்டா, வீட்டுக்காரர்களிடம் தனியாக வசூலிக்கும் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 1995க்கும் 2007க்கும் நடுவே கட்டிய கட்டடம் என்றால் 'கைடெக்' குழாய் என்ற சொல்லைத் தேடுங்கள். செம்மஞ்சளும் நீலமுமான இந்தக் குழாய்களும் பித்தளை இணைப்புகளும் காலத்துக்கு முன்பே தோற்றன. நட்டஈட்டு வழக்கில் கோரிக்கை வைக்கும் கடைசித் தேதி 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இனி மாற்றினால் உங்கள் கைக்காசு. புது வீடு என்றால் ஒன்ராறியோவின் புதுவீட்டு உத்தரவாதமான டாரியோன், குறையின் வகையைப் பொறுத்து ஒன்று, இரண்டு, ஏழு வருடம். யன்னல் நீர்க்கசிவு இரண்டு வருடத்துக்குள் எழுத்தில் போக வேண்டும்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று முக்கியம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு ஒன்ராறியோவின் வருடாந்த வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. சுகர் வார்ஃப், அக்குவபெல்லா, அக்குவலூனா எல்லாம் இந்த வரம்பில்லாத வகை. ஹார்பர் ஸ்குவயருக்கு வரம்பு உண்டு. முதல் வருட வாடகை ஒன்றாக இருந்தாலும் மூன்றாம் வருடம் ஒன்றாக இராது.

தீர்ப்புக் கேட்டால்: பிள்ளைகளோடு அல்லது வயதான பெற்றோரோடு என்றால் ஹார்பர் ஸ்குவயர் அல்லது பேசைட். தனி ஆள், யூனியன் பக்கம் வேலை, மூன்று நான்கு வருடக் கணக்கு என்றால் ஐஸ். பியர் 27 மேற்குப் பக்கம் கைக்கு எட்டினால் எடுக்கலாம். டென் யோர்க் தெற்கு முகம் மட்டும். சுகர் வார்ஃப் வீடு லிஃப்ட் சோதனையில் தேறினால் மட்டும்.

பேசைட்டுக்கு ஒரே பெரிய குறை போக்குவரத்து. மேற்கே 509, 510 தெருவண்டிகள் யூனியனிலிருந்து நேரே ஓடுகின்றன. கிழக்குக் குவீன்ஸ் கீயில் வருடக்கணக்காகப் பேசப்படும் தெருவண்டிப் பாதை இன்னும் வரவில்லை, பஸ்தான். மளிகைக்கு லோவர் ஜார்விஸ் மூலையில் லொப்லோஸ் நடைதூரம். முருங்கைக்காய்க்கும் அரிசிமா மூட்டைக்கும் ஸ்காபரோதான் போக வேண்டும். ஆகவே பேசைட்டில் பார்க்கிங் இல்லாத வீட்டை மலிவு என்று எடுப்பதற்கு முன், ஜனவரி மாதத்து ஒரு மாலையில் யூனியனிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, காற்றுக்கு எதிரே வாசல் வரை நடந்து பாருங்கள்.